தெரியாதவனுக்கு ஒரு படகு

செங்கோடவர்மன் என்று ஒரு ராஜா. தங்கமான மனுஷன்தான். ஆனால் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. தலைக்குள் ஏதாவது ஒரு கிறுக்கு யோசனை கிளம்பிவிடும். அப்படி ஒரு சனிக்கிழமை, ஈரத்தலையோடு சபைக்கு வந்து உட்கார்ந்தவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"கடவுள் உண்டா, இல்லையா? இந்த உலகம் எப்படி உண்டாயிற்று? இன்றைக்கு எனக்குத் தெரிந்தாக வேண்டும்!"

இந்த மாதிரிக் கேள்விக்கென்றே அரண்மனைச் சோற்றில் வளர்ந்த இரண்டு பெரிய மனிதர்கள் சபையில் இருந்தார்கள். முதலில் எழுந்தவர் அகோரப் பண்டிதர்.

"உண்டு அரசே! ஆதியில் ஒரு பொன்முட்டை இருந்தது. இறைவன் அதை இடது கையால் தட்டினான். உலகம் வந்தது."

"இடது கையாலா?"

"வலது கையில் உடுக்கை இருந்ததே, அரசே!"

அடுத்து மதிவாணர் துள்ளி எழுந்தார். கடவுள் இல்லை என்று சொல்வதே அவர் தொழில். "சுத்தக் கட்டுக்கதை! முட்டையும் இல்லை, தட்டவும் ஆளில்லை. புழுதி சுழன்றது, தானாகவே உருண்டது, உலகம் ஆனது. இதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை!"

"நீர் பார்த்தீரோ?"

"நீர் பார்த்தீரோ?"

இருவருக்கும் குடுமி அவிழ்ந்ததுதான் மிச்சம். ராஜாவுக்குத் தலை சுற்றியது. சுற்றிய தலை இளங்கூத்தன் பக்கம் வந்து நின்றது. ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் இளங்கூத்தனுக்கு உத்தியோகம். அவன் அப்போது தூணில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தான்.

"இளங்கூத்தா! நீ சொல்."

"எனக்குத் தெரியாது, அரசே."

அடப்பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா! போன மாதம்தான் ராஜா ஒரு சட்டம் போட்டிருந்தார். எல்லாம் தெரிந்தவர்கள் நிறைந்த சபை என்று அக்கம்பக்கத்து நாடுகளெல்லாம் பேச வேண்டுமாம். அதனால் அந்தச் சபையில் எவன் 'தெரியாது' என்று சொன்னாலும், அன்று சாயங்காலமே படகில் ஏற்றி அக்கரையில் தள்ளிவிட வேண்டும். திரும்பி வரவே முடியாது.

"சட்டம் சட்டம்தான்," என்றார் ராஜா. சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டார்.

"அனுப்ப வேண்டியதுதான் அரசே!" என்று பண்டிதரும் மதிவாணரும் ஒரே குரலில் கத்தினார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இளங்கூத்தனுக்கு வீட்டு நினைப்பு வந்தது. நிறைமாதமாக இருக்கும் மனைவி செண்பகவடிவை எந்தப் படகில் ஏற்றுவது? ஊர் தெரியாத ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு கைகூப்பினான்.

"போகிறேன் அரசே. ஆனால் நம் சபை வழக்கத்தை மீறிவிட்டல்லவா அனுப்புகிறீர்கள்? தேங்காய்த் திருட்டானாலும் சாட்சி சொல்கிறவன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டாமா?"

அந்த நாட்டில் அது பெரிய விஷயம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால்தான் சாட்சி. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று ஊரே நடுங்கும்.

ராஜா தலையாட்டினார். தட்டில் கற்பூரம் வந்தது. இளங்கூத்தன் முன்னால் போய்ப் படீரென்று ஓர் அடி அடித்தான். "சத்தியமாக எனக்குத் தெரியாது!" சுடர் அணைந்தது. மறுபடி ஏற்றி, தட்டைப் பண்டிதரிடம் நீட்டினான்.

"வாருங்கள் சுவாமி. அந்தப் பொன்முட்டை, அந்த இடது கை, எல்லாம் நிச்சயமாகத் தெரியும் என்று ஓர் அடி."

பண்டிதர் கையை நீட்டினார். பிறகு மடக்கினார். "எனக்கு... நகச்சுத்தி வந்திருக்கிறது."

"இன்னொரு கை இருக்கிறதே?"

"அதிலும் லேசாக..."

மதிவாணர் கெக்கெக்கே என்று சிரித்தார். தட்டு அவர் பக்கம் திரும்பியது.

"உங்களுக்கென்ன ஐயா பயம்? யாருமே இல்லையே! ஓங்கி ஓர் அடி!"

மதிவாணர் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. "அடிக்கலாம்தான்... மகள் பிள்ளையாண்டிருக்கிறாள். இந்த நேரத்தில் எதற்கு வீண் வம்பு?"

ராஜாவுக்கு வந்ததே கோபம்! "வெட்கமாக இல்லை உங்களுக்கு? தள்ளுங்கள்! நானே அணைக்கிறேன்!" என்று இறங்கி வந்தார். உண்டு என்று அடிப்பதா, இல்லை என்று அடிப்பதா? கை சுடருக்கு மேலே போய்த் தயங்கியது. முகத்தில் வியர்வை.

அப்போது சுடர் படபடத்தது. சட்டென்று அணைந்தது. தட்டில் பாதிக் கட்டி அப்படியே மிச்சம்.

"அப்பாடா!" என்றார் ராஜா.

"அரசே," என்றான் இளங்கூத்தன் பணிவாக, "இது தானாக அணைந்ததா, யாராவது அணைத்தார்களா?"

"இறைவன் ஊதிவிட்டான்!" என்றார் பண்டிதர். "வெறும் காற்று!" என்றார் மதிவாணர்.

"அடுத்த கட்டியை ஏற்றட்டுமா?" என்றான் இளங்கூத்தன். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவன் ராஜாவிடம் திரும்பினான். "தங்கள் மூக்குக்கு நேரே இப்போதுதான் நடந்தது. தாங்கள்தான் சொல்ல வேண்டும்."

ராஜா சன்னலைப் பார்த்தார், சாத்தியிருந்தது. தட்டைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"அதுதானே... எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவசரமில்லை, அரசே," என்றான் இளங்கூத்தன். "படகு சாயங்காலம்தான். நாம் இருவரும் நிதானமாகவே மூட்டை கட்டலாம்."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் சட்டத்தை ரத்துசெய்து, தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து இளங்கூத்தனுக்குப் போர்த்தினார்.