கன்னத்தில் பதிந்த பட்டம்

மகாராஜா வேனிலிருந்து இறங்கினார். மாலையோடு காத்திருந்த கூட்டம் கும்பிட்டது, அவர் முகத்தைப் பார்த்தது, உடனே குனிந்து தரையைப் பார்த்தது. சிரிப்பை அடக்க வேறு வழி இல்லை. அவருடைய வலது கன்னத்தில் 'உறங்காதவர்' என்று சிவப்பாகப் பதிந்திருந்தது. ஓர் எழுத்தும் விட்டுப்போகவில்லை.

பின்னால் வந்த ஜீப்பில் இருந்த அரண்மனை விகடன் குப்பாண்டி அதைப் பார்த்ததும் தன் கழுத்தைத் தடவிக்கொண்டான். அந்த எழுத்தைச் செய்தவன் அவன்தான்.

முள்ளிக்கோட்டை ராஜா வீரகண்டர் யானையில் போகிற ஆள் இல்லை, வேனில் போகிற ஆள். வேனுக்குள் சுற்றிலும் தம் பட்டங்கள் புடைப்பெழுத்தில் இருக்க வேண்டும், தொட்டால் கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்று அவருக்கு ஆசை. உள்ளே எழுதினால் யார் படிப்பது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ராஜாவிடம் போய் யார் கேட்பது? மந்திரி தாண்டவர் இந்த வேலையைக் குப்பாண்டி தலையில் கட்டினார். இத்தனை நாள் வாய்தானே வேலை செய்தது, கையும் கொஞ்சம் செய்யட்டும் என்றார். 'உறங்காதவர்' என்ற பட்டத்தைக் கொடுத்ததும் அவர்தான். ராஜா சபையில் குறட்டை விட்ட அன்றைக்கே கொடுத்தார்.

குப்பாண்டி வண்டிக் கொட்டகைக்குப் போய் ஃபைபர் வேலை பழகினான். வேனின் உள்சுவரில் பொருத்தும் பேனலில் எழுத்து புடைத்து வர வேண்டுமென்றால், அதை வார்க்கிற அச்சில் அது பள்ளமாக இருக்க வேண்டும். பேனலில் நேராக வர வேண்டுமென்றால் அச்சில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி இருக்க வேண்டும். பிறகு மெழுகு தடவி, கண்ணாடி நாரை விரித்து, ரெசின் பூசி, இறுகியதும் உரித்து எடுத்தால் போதும். அப்படித்தான் செதுக்கி வைத்திருந்தான். மந்திரி வந்து அச்சைப் பார்த்தார். ராஜாவின் பட்டத்தைத் திருப்பி எழுதுவது துரோகம் என்று குதித்தார். குப்பாண்டி விளக்கிச் சொன்னான். மந்திரிக்கு விளங்கிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. அச்சில் நேராகச் செதுக்கு, இல்லாவிட்டால் நாட்டை விட்டு நட என்றார்.

நேராகவே செதுக்கினான். பேனலில் எழுத்து திரும்பி வந்தது. மந்திரிக்கு வேர்த்துவிட்டது. இது பழங்காலத்து ராஜ எழுத்து என்று ராஜாவிடம் அளந்துவிட்டார். ராஜாவும் பிரமாதம் என்று சொல்லிவிட்டு, படித்துப் பார்க்காமலே ஏறி உட்கார்ந்தார். வண்டி கோட்டை வாசலைத் தாண்டும் முன்பே பேனலில் கன்னத்தைச் சாய்த்தார். திரும்பிய எழுத்து கன்னத்தில் பதிந்தால் நேராகத்தானே வரும்.

இப்போது ராஜா சால்வையால் கன்னத்தை மூடிக்கொண்டு மறுபடி வேனுக்குள் ஏறிவிட்டார். மந்திரியையும் குப்பாண்டியையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். டிரைவர் காலியான சாலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மந்திரி முந்திக்கொண்டார். கன்னத்தில் நேராகப் பதிய வேண்டும் என்றுதான் இவன் எழுத்தைத் திருப்பி வைத்தான், இது சதி, இன்றைக்கே இவன் தலையை எடுக்க வேண்டும் என்றார். நேராகச் செதுக்கச் சொன்னது யார் என்று குப்பாண்டி சொல்ல ஆரம்பித்தான். ராஜா காது கொடுக்கவில்லை. வாளின் மேல் கை வைத்தார்.

"எடுத்துக்கோங்க மகாராஜா," என்றான் குப்பாண்டி. "ஆனா விசாரணைன்னா ஒரு சாட்சி வேணும்."

"என் கன்னமே சாட்சிடா," என்றார் ராஜா.

"கன்னம் பேனல்ல பட்டாத்தான் எழுத்து பதியும். ஒரு நாழிகையாவது சாய்ஞ்சு கிடந்தாத்தான் இவ்வளவு ஆழமாப் பதியும். முழிச்சிருக்கிற மனுஷன் எவனும் அப்படிக் கிடக்க மாட்டான். அதனால மகாராஜா தூங்கினதைக் கண்ணால பார்த்தேன்னு ஒருத்தர் சொல்லணும். மந்திரி பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லட்டும், நான் கழுத்தை நீட்டறேன்."

மந்திரி வாயைத் திறந்தார். ராஜா அவரைப் பார்த்தார். மந்திரி வாயை மூடிக்கொண்டார்.

"மகாராஜா தூங்கவே மாட்டார்," என்றார் கடைசியில்.

"அப்போ கன்னம் படவே இல்லை. என் பேனலும் ஒண்ணும் செய்யலை. நீங்க குடுத்த பட்டம், மந்திரியாரே. தானா மேல வந்து ஒட்டிக்கிச்சு."

ராஜா சால்வைக்குள் குலுங்கினார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தபோது சால்வை நழுவியது. கன்னம் விரிந்து எழுத்தெல்லாம் இழுபட்டது. அந்தச் சால்வையையே எடுத்துக் குப்பாண்டி தோளில் போட்டார். அச்சு விவகாரத்தையும் இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டு, மந்திரியை ஜீப்புக்குப் போகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டேய், நான் கூட்டத்தை முடிச்சிட்டு வர்றதுக்குள்ள அந்த எழுத்தைத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கி வை. திரும்பும்போது நான் சாயணும்."

ஜீப்பில் கூட வந்திருந்த கொட்டகை ஆள் ஒருவன் உப்புத்தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். குப்பாண்டி அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு டீ குடித்தான்.

ராஜா வந்து ஏறினார். எழுத்து புடைத்தபடியே இருந்தது. இப்போது தேய்த்தால் வண்டி முழுக்கத் தூசி பறக்கும், மகாராஜாவுக்கு உடம்பெல்லாம் அரிக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றான் குப்பாண்டி. வேறு வழியில்லாமல் ராஜா முதுகை நிமிர்த்தி, கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். சாலை முழுக்கப் பள்ளம். வறண்ட ஏரி. கூரை இல்லாத பள்ளிக்கூடம். குடத்தோடு நின்ற பெண்கள் வண்டிக்கு வழிவிட்டு முள்வேலியில் ஒதுங்கினார்கள்.

"குப்பாண்டி, இது எந்த ராஜாவோட நாடுடா?"

"உங்களோடதுதான் மகாராஜா. இந்த வழியாத்தான் வருஷக்கணக்கா போய்ட்டு வர்றீங்க."

அடுத்த வாரம் அந்தச் சாலையில் ஜல்லி கொட்டினார்கள். ராஜா ஒவ்வொரு தடவை வேனில் ஏறும்போதும் எழுத்தைத் தேய்த்தாயா என்று கேட்கிறார். குப்பாண்டி இடுப்பிலிருந்த உப்புத்தாளை எடுத்துக் காட்டுகிறான். இன்றுவரை தேய்க்கவில்லை.