வைக்க இடமில்லை

“வைக்க இடமில்லை டீச்சர்” என்றார் பூமிநாதன்.

நூருன்னிசா ஒரு பழைய புத்தகத்தின் முதுகில் பசை தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“மேல சொல்லுங்க சார்.”

பூமிநாதன் மாவட்டத் தலைநகரில் பெரிய நூலகம் ஒன்றை நடத்துபவர். நூருன்னிசாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் வேலையில் மூச்சு முட்டும்போதெல்லாம் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவார். வேறு நூலகர்களும் வருவார்கள். நூருன்னிசா கல்லூரியில் நூலகவியல் சொல்லிக்கொடுத்தவர். நடுவில் அதை விட்டுவிட்டு, சந்தைக்கு எதிரே இருக்கும் இந்த இரண்டு அறை நூலகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

“வந்துகிட்டே இருக்கு டீச்சர். புத்தகம், பத்திரிகை, வீடு காலி பண்றவங்க கொண்டுவந்து கொட்டற மூட்டை. முதல்ல மாடிப்படிக்குக் கீழே அடுக்கினேன். அப்புறம் பெஞ்சையெல்லாம் எடுத்துட்டு அலமாரி போட்டேன்.”

“படிக்க வர்றவங்க?”

“நின்னுக்கிறாங்க.”

நூருன்னிசா பிரஷ்ஷை மறுபடி பசையில் தோய்த்தார்.

“இதுல கம்ப்யூட்டர் வேற. ஒரு வார்த்தை தட்டினா கொட்டுது. நேத்து சரின்னது இன்னிக்குத் தப்பு. எதையும் தள்ள மனசு வரல. ஒரு புத்தகத்தைக்கூட நான் தரையில வச்சதில்ல, உங்களுக்கே தெரியும். இத்தனையையும் எங்கே வைக்கிறது? அதை மட்டும் சொல்லுங்க.”

நூருன்னிசா எழுந்தார்.

“என் நாற்காலியில உட்காருங்க. இதைப் பின்னாடி காய வச்சுட்டு வர்றேன். அதுவரை வர்றவங்களுக்கு நீங்க பதில் சொல்லுங்க.”

“இதுதான் பதிலா டீச்சர்?”

“ஒரு கால் ஆடும். பார்த்து உட்காருங்க.”

பூமிநாதன் உட்கார்ந்தார். நாற்காலி ஆடியது.

ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“புது ஆளா? சம்பளத்தைப் பேசிக்குங்க. இங்கே டீ மட்டும்தான் கிடைக்கும்.”

பூமிநாதன் சிரித்தார். டீச்சர் தன்னைச் சோதிக்கிறார் என்று அவருக்குப் பட்டது. முன்பும் இப்படிச் செய்திருக்கிறார். வரட்டும்.

வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை. யாரோ சத்தமாக வாக்குவாதம் செய்தார்கள். வாத்தியார் உச்சுக் கொட்டினார். பூமிநாதன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

திரும்பியபோது மேஜைக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள். சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்.

“சார், பாம்பு கடிச்சா என்ன பண்ணோணும்னு போட்ட புத்தகம் இருக்குங்களா?”

பூமிநாதனுக்கு மனம் நிறைந்தது. என்ன தெளிவான கேள்வி.

“இருக்கும்மா. உட்காருங்க.”

அவள் உட்காரவில்லை.

அவர் அலமாரிகளுக்குள் போனார். மருத்துவத்தில் இரண்டு கிடைத்தன. விலங்கியலில் ஒன்று. சித்த வைத்தியத்தில் மூன்று. சிறுவர் பகுதியில் படத்தோடு ஒன்று. எல்லாவற்றையும் மேஜையில் விரித்து வைத்தார். ஒன்று கட்டு என்றது. ஒன்று கட்டாதே என்றது. ஒன்று கீறச் சொன்னது. கீறினால் கெட்டது என்று இன்னொன்று. அவர் பதிப்பாண்டுகளைப் பார்த்தார். கம்ப்யூட்டரைத் திறந்தார். அது கொட்டியது.

“சீக்கிரம் கிடைக்குங்களா?” என்றாள் அவள்.

வாத்தியார் செய்தித்தாளைச் சடசடவென்று உதறி மடித்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதோம்மா. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. வரிசைப்படுத்தித் தர்றேன்.”

“கயிறு கட்டலாமா, கூடாதான்னு மட்டும் சொன்னாப் போதுங்க.” உதடு மட்டுமே அசைந்தது.

“அதுலதான் கருத்து வேறுபாடே இருக்கு” என்றார் பூமிநாதன். பழையவற்றை இடது பக்கமும் புதியவற்றை வலது பக்கமும் அடுக்கினார். நடுவில் நிற்பவை இரண்டு இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று யோசித்தார்.

பின்கதவு திறந்தது. நூருன்னிசா கைகளில் பசையோடு வந்தார். மேஜையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“யாருக்கும்மா?”

அவள் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டாள். குரலை இன்னும் தாழ்த்தினாள்.

“எங்க ஊட்டுக்காரருக்குங்க. வெளிய ஆட்டோவுல இருக்காருங்க.”

வாத்தியார் எழுந்துவிட்டார். அவர் மடியிலிருந்து செய்தித்தாள் சரிந்தது.

அப்போதுதான் பூமிநாதன் அவளைப் பார்த்தார். சேலையின் கரையெல்லாம் வயல் சேறு. ஒரு கையில் அறுத்த கயிற்றின் மிச்சம். கயிற்றைப் பிடித்த அந்தக் கை இவ்வளவு நேரமும் மேஜையின் விளிம்பில்தான், அவருடைய புத்தகங்களுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்திருக்கிறது.

சாத்திய ஜன்னலுக்கு அப்பால் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

நூருன்னிசா வாசலைத் தாண்டிவிட்டார். பூமிநாதன் இரண்டு அடுக்கையும் சேர்த்து மார்போடு வாரி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆட்டோவின் பின்சீட்டில் ஒருவன் சாய்ந்து கிடந்தான். முழங்காலுக்குக் கீழே கயிற்றுக்கட்டு. பாதம் வீங்கிப் பளபளத்தது. பக்கத்தில் அவன் அண்ணன்.

“நாட்டு வைத்தியர் ஊட்டுக்குப் போலாம்னா கேக்க மாட்டீங்கறே. ஏறு புள்ள.”

“புத்தகத்துல போட்டிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?” என்றாள் அவள். வெளியே வந்ததும் அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது. பூமிநாதன் பக்கம் திரும்பினாள். “சார், என்னங்க போட்டிருக்குது? சொல்லுங்க சார்.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். சீட்டில் கிடந்தவனும் பார்த்தான். அவனுடைய இமைகள் பாதிக்கு மேல் எழவில்லை.

பூமிநாதனின் மோவாய் வரை புத்தகங்கள் இருந்தன.

“ஆஸ்பத்திரி” என்றார். “உடனே.”

அண்ணன் இறங்கி டிரைவருக்குப் பக்கத்தில் போய் ஒண்டிக்கொண்டான். அந்தப் பெண் உள்ளே ஏறிக் கணவனின் தலையைத் தாங்கினாள்.

“நீங்களும் ஏறுங்க சார்” என்றார் நூருன்னிசா. “காலை அசையாமப் பிடிச்சுக்க ஆள் வேணும்.”

“டீச்சர், இதை எங்கே…”

டிரைவர் கியரைப் போட்டான்.

பூமிநாதன் குனிந்தார். சந்தைக்காரர்கள் உதறிவிட்டுப் போன முட்டைக்கோஸ் இலைகளுக்கு நடுவே, ஈர மண்ணில், எல்லாவற்றையும் வைத்தார்.

ஆட்டோவில் ஏறிப் பிடித்துக்கொண்ட அவன் கால் கனமாக இருந்தது. இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.