கதவு சொன்னதும் குளிர்பெட்டி சொன்னதும்

கர்ர் கர்ர் என்று இழுத்து இழுத்து, பிறகு சட்டென்று நின்றுபோன ஒரு சத்தம். வெகுநாளைக்கு முன் கேட்டது. தூதன் அதை மறக்கவே இல்லை.

ஒரு மருத்துவமனையின் மாடிப்படிக்குக் கீழே, சின்ன அறை ஒன்றில் அவன் இருந்தான். தூதன் ஒரு சர்வர் கணினி. கட்டடத்திலுள்ள கருவிகளெல்லாம் தங்களுக்கு நேர்வதை அவனிடம் சொல்லும். அவன் அவற்றை வாங்கி, களஞ்சியம் என்கிற பெரிய சர்வரிடம் சேர்ப்பான். அங்கே சேர்ந்த பிறகுதான் மனிதர் கண்ணுக்கு அது தெரியும்.

முன்பு ஒருமுறை, மின்சாரம் போய் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் பேசின. தூதன் வாங்கிய வேகத்திலேயே கொட்டினான். எல்லாவற்றையும் பதிந்துவைக்கும் களஞ்சியத்தின் வட்டு அப்படித்தான் கர்ர் கர்ர் என்று இழுத்து நின்றது. அதன் பிறகு, கணினி பார்க்கும் எபினேசர் தூதனுக்கு ஓர் அளவு வைத்தார். என்ன வந்தாலும் இந்த வேகத்துக்கு மேல் அனுப்பக் கூடாது. மிச்சம் அவனிடமே வரிசையில் காத்திருக்கட்டும்.

அளவு அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அவனிடமிருந்து சொற்கள் ஒரே சீராகப் போயின. அதோடு அவனாகவே ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டான்: முன்னால் வந்தது முன்னால் போகும், வந்த எதையும் எறிவதில்லை.

ஒரு நாள் காலை, மருந்து அறைக் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்துவிட்டது. மின்விசிறிக் காற்றுக்கெல்லாம் கதவு ஆடியது.

"திறந்தேன்," என்றது கதவு. "மூடினேன். திறந்தேன். மூடினேன்."

"ஒருதரம் சொன்னால் போதாதா?" என்றான் தூதன்.

"நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் உன்னையா கேட்பார்கள்? என்னைத்தானே கேட்பார்கள். திறந்தேன்."

அதுவும் நியாயமாகவே பட்டது. எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தினான். வரிசை நீண்டுகொண்டே போனது.

அதே அறையில் ஒரு குளிர்பெட்டி இருந்தது. அதற்குள் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து. அது பேசுவதே அபூர்வம்.

"அண்ணா," என்றது குளிர்பெட்டி. "உள்ளே என் விசிறி நின்றுவிட்டது. சூடு ஏறுகிறது."

"சரி தங்கச்சி, வாங்கிக்கொண்டேன். உனக்கு முன்னால் கதவு நிற்கிறது. சாயங்காலத்துக்குள் போய்விடும்."

"அதற்குள் மருந்து கெட்டுவிடுமே."

தூதன் களஞ்சியத்தைக் கேட்டான். "அக்கா, கொஞ்ச நேரம் வேகமாக அனுப்பட்டுமா?"

"வேண்டாம் தம்பி. இன்னொரு தடவை விழுந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன்."

அதுவும் உண்மை.

"அப்படியானால் என் சொல்லை மட்டும் முன்னால் விடுங்களேன்," என்றது குளிர்பெட்டி.

"உன்னை விட்டால் நாளைக்கு லிஃப்ட் கேட்கும், மோட்டார் கேட்கும். வரிசை என்றால் வரிசைதான்."

"கதவு சொன்னதில் கொஞ்சத்தை எறியக் கூடாதா? எல்லாம் ஒன்றுதானே."

"நான் எதையும் எறிந்ததில்லை, தங்கச்சி." சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

குளிர்பெட்டி அதற்கு மேல் கேட்கவில்லை. கெஞ்சிப் பழக்கமில்லை அதற்கு.

"அதற்குள் தொண்டை கட்டிப்போச்சா?" என்று சிரித்தது கதவு. "என்னைப் பார். மூடினேன். திறந்தேன்."

மாடியில் மருந்தாளர் தெய்வநாயகி, எபினேசரின் மேசையருகே வந்து நின்றார்.

"மத்தியானம் ஊசி வண்டி முகாமுக்குக் கிளம்புது எபி. எல்லாம் ஒழுங்கா இருக்கா?"

எபினேசர் டீயை உறிஞ்சிக்கொண்டே, தூதன் அனுப்பும் வேகத்தைக் கோடாக வரையும் திரையைக் காட்டினார். "கோட்டைப் பாருங்க மேடம். ஏத்த எறக்கமே இல்லாம சாந்தமா போகுது."

மத்தியானம் தெய்வநாயகி பெட்டியைத் திறந்தார். உள்ளே கை வைத்தவர் உடனே எபினேசரைக் கூப்பிட்டார்.

"வெதுவெதுன்னு இருக்கு எபி. ஒரு குப்பி கூடத் தேறாது. அங்க பிள்ளைகளைத் தூக்கிட்டு வந்து உக்காந்திருப்பாங்க, அவங்களுக்கு என்ன சொல்ல?"

"இது ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்."

"சொல்லாத பெட்டி நமக்கு எதுக்கு? கழட்டிப் போடுங்க."

பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, பின்பக்கம் வெயிலில் கொண்டுபோய் வைத்தார்கள். வண்டி கிளம்பவில்லை. முகாமுக்கு வந்திருந்த தாய்மார்கள் பிள்ளைகளோடு திரும்பிப் போனார்கள்.

சாயங்காலம் களஞ்சியம் கூப்பிட்டது.

"தம்பி, இங்கே இல்லாத பெட்டி ஒன்று, உள்ளே சூடு ஏறுகிறது என்று சொல்லியனுப்பியிருக்கிறது. இதை நான் எங்கே வைக்க?"

தூதனுக்கு வைத்த அளவு, எவ்வளவு போகலாம் என்று மட்டும்தான் சொன்னது. எது முதலில் போகவேண்டும் என்று அது சொல்லவில்லை, அவனும் யோசித்ததில்லை. பின்னாலிருந்து கதவின் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தன.

சில நாள் கழித்து, வேறெதையோ தேடிய எபினேசரின் கண்ணில் குளிர்பெட்டி சொன்ன அந்த ஒரு வரி பட்டது. "மேடம், அது காலையிலேயே சொல்லியிருக்கு," என்றார். தெய்வநாயகி கிட்டே வந்து, அந்த வரியில் இருந்த நேரத்தை விரல் வைத்துப் படித்தார்.

எபினேசர் அளவைக் கூட்டவில்லை. திரும்பத் திரும்ப வரும் ஒரே சொல்லை ஒன்றாக மடித்துவிடவும், ஆபத்து என்று வருவதை முன்னால் விடவும் தூதனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு, ஒரு விசிறி மாற்றினால் சரியாகிவிடும் என்று குளிர்பெட்டியைத் தேடிப் பின்பக்கம் போனார்.

அதை முந்தின நாளே பழைய இரும்புக்காரர் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.