சுப்பாண்டி சுவரை விட்ட கதை

பூனைகள் வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அப்பளம் போட்டு விற்கும் உலகம்மையின் வீட்டில் சுப்பாண்டி என்றொரு கடுவன் பூனை இருந்தது. நல்ல பிள்ளைதான். ஒரு வயது ஆனதும் புத்தி மாறியது. வாலைத் தூக்கி, அதன் நுனி நடுங்க நிற்கும். கதவு, குதிர், சுவர் என்று பார்த்த இடமெல்லாம் சிறுநீர் பீய்ச்சும்.

ஒருநாள் கல்யாண வீட்டார் அப்பளக் கூடையை முகர்ந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார்கள். உலகம்மைக்கு அழுகையே வந்தது.

“ஏம்ல இப்படிப் பண்ணுத?”

“பின்தெருக் கடுவன் கறுப்பன் சன்னல் வழியா எட்டிப் பாக்கான் அக்கா. இது என் வீடுன்னு அவனுக்குத் தெரியாண்டாமா?”

“வீடு எங்க வீட்டுக்காரரு பேருல இருக்கு. அவரு என்ன, சுவத்துலயா பேஞ்சு வச்சாரு?”

சுப்பாண்டி முன்காலை நக்கத் தொடங்கியது. உலகம்மை விடவில்லை.

“ஒண்ணு, தெருவுக்குப் போ. இல்லேன்னா பலவேசம் அண்ணாச்சிகிட்ட வா.”

பலவேசம் காளைகளுக்குக் காயடிக்கும் வைத்தியர். சுப்பாண்டி தெருவைப் பார்த்தது. கிழிந்த காதோடு கறுப்பன் மழையில் நனைந்துகொண்டிருந்தான்.

“அண்ணாச்சிகிட்டயே வாரேன்” என்றது மெல்ல.

“வலிக்குமா அண்ணாச்சி?”

“எனக்கு வலிக்காது” என்றார் பலவேசம். பச்சிலைச் சாறு கொடுத்து மயங்கவைத்து, கண் திறப்பதற்குள் காரியத்தை முடித்துவிட்டார். “பழக்கம் இன்னைக்கே போயிராது தாயி. ஒரு மாசம் பொறு.”

உலகம்மை பொறுத்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்துச் சுவரைக் கழுவினாள். மாதம் முடிந்த அன்று கறுப்பன் சன்னலில் எட்டிப் பார்த்தான். சுப்பாண்டி கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்தது. வாலும் எழவில்லை, கோபமும் எழவில்லை. சுவர் காய்ந்தே கிடந்தது. ஏழெட்டு மாதம் கழித்து அதே கல்யாண வீட்டார் வளைகாப்புக்கு அப்பளம் கேட்டு வந்தார்கள்.

ஆனாலும் சுப்பாண்டிக்கு ஒரு கவலை. “அக்கா, இப்ப எனக்குன்னு என்ன இருக்கு?”

“ஏன், நான் இல்லியா?”

சுப்பாண்டி சற்று யோசித்தது. எழுந்து வந்து, அவள் கணுக்காலில் கன்னத்தை அழுத்தி, தன் வாசனை படிய ஓர் இழுப்பு இழுத்தது. சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று மறுகாலிலும் இழுத்தது.

அன்று முதல்தான் காயடித்த கடுவன்கள் சுவரை விட்டுவிட்டு நம் காலில் வந்து உரசுகின்றன. நாம் அதைக் கொஞ்சல் என்று நினைத்துக் குனிந்து தடவிக் கொடுக்கிறோம்.