குருத்தாள் வாசலுக்கு ரத்தம் வராதது ஏன்

அந்தக் காலத்தில் விலங்குகள் மட்டும் அல்ல, அவற்றின் உடம்புக்குள் குடியிருந்தவர்களும் பேசிக்கொண்டார்கள். பொறிச்சி என்ற பெண்மானின் முழங்காலில் மூன்று பேர் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தார்கள். மூத்தவன் எலும்பன், அடுத்தவன் தசையன், கடைக்குட்டி குருத்தாள். யார் கண்ணுக்கும் தெரியாத பொடி ஆட்கள். மூவருக்கும் தாய் ரத்தம். அவள்தான் வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் சோறூட்டுவாள்.

எலும்பனின் பிள்ளைகள், அம்மா வந்துபோகும் வாய்க்காலைச் சுற்றி வட்ட வட்டமாகச் சுண்ணாம்புச் சுவர் எழுப்பி, அதன் இடுக்குகளில் இருந்தார்கள். தசையன் வீட்டில் தடித்த இழையும் மெல்லிய இழையும் மாறி மாறிக் கிடக்கும். அவன் உடம்பே வரிவரியாகத் தெரியும். குருத்தாளுக்கு என்று எந்த வேலையும் இல்லை. எலும்பு முனையின் ஓரமாக வீடு கட்டிக்கொண்டு, அம்மா எப்போது வருவாள் என்று வாசலையே பார்த்திருப்பாள்.

பொறிச்சி குட்டி போட்ட கோடையில் காட்டுக்குள் செந்நாய்கள் புகுந்தன. அவற்றைத் திசைதிருப்ப அவள் பாறைக்குப் பாறை தாவினாள். ஒவ்வொரு தாவலுக்கும் மேலெலும்பும் கீழெலும்பும் முட்டிக்கொண்டன. இடையில் வந்த ரத்தம் நசுங்கிச் சிதறியது. முட்டி வீங்கி, பொறிச்சி புதருக்குள் விழுந்துவிட்டாள்.

"உள்ளே இருப்பவர்களே, என்னை எழுப்பிவிடுங்கள்!" என்று கெஞ்சினாள். "நான் ஓடிக் காட்டினால்தான் நாய்கள் என் குட்டியை விட்டுவிட்டு என் பின்னால் வரும்."

"என்னால் தாங்கத்தான் முடியும், வளைந்து கொடுக்க முடியாது" என்றான் எலும்பன்.

"என்னால் இழுக்கத்தான் முடியும்" என்றான் தசையன்.

"நான் நடுவில் மெத்தையாகப் படுத்துக்கொள்கிறேன், அண்ணா" என்றாள் குருத்தாள்.

"அங்கே அம்மா வந்தால் நசுங்குவாளே! அவள் வராமல் நீ எப்படிப் பிழைப்பாய்?" என்று கேட்டான் எலும்பன்.

குருத்தாள் நேரே தாயிடம் போனாள்.

"அம்மா, இனி என் வாசலுக்கு வராதே."

ரத்தம் பதறிவிட்டாள். "என் மேல் என்னடி கோபம்?"

"கோபம் இல்லை. நீ நசுங்கினால் பொறிச்சியால் எழுந்திருக்க முடியாது. அந்தக் குட்டிக்கு அவளை விட்டால் யாரும் இல்லை."

"பசிக்குமே, கண்ணே."

"கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொள்கிறேன்."

தாய் மகளின் முகத்தைத் தடவினாள். "முட்டி ஓரத்திலேயே நின்று தெளிந்த நீரை விடுகிறேன். கால் அழுந்தி எழும்போது அது ஊறி உன்னிடம் வரும். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை."

குருத்தாள் எலும்பு முனைகளின் மேல் வழவழப்பான மெத்தையாகப் பரந்தாள். அவள் பிள்ளைகள் அதற்குள் குட்டிக் குட்டி அறை குடைந்து, ஒருவர் இருவராக அடங்கிக்கொண்டார்கள். பொறிச்சி எழுந்தாள், ஓடினாள். முழுப் பாரமும் குருத்தாள் மேல் இறங்கியது. மூச்சு முட்டியது. கால் எழும்பியதும் சில்லென்று நீர் ஊறியது. நாய்களை ஆற்றுக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு, சாயங்காலம் பொறிச்சி குட்டியிடம் திரும்பினாள்.

மான் படுத்துவிட்டதால் நீர் ஊறவில்லை. பக்கத்தில் அண்ணன் வீட்டு வாய்க்காலில் அம்மா பேசிக்கொண்டே போவது குருத்தாளுக்குக் கேட்டது. கூப்பிட வாயெடுத்தாள். ஆனால் கூப்பிடவில்லை.

அன்று தொடங்கியதுதான் இது: ஒடிந்த எலும்பு ரத்தம் பாய்ந்து கூடிக்கொள்கிறது, கிழிந்த தசையும் ஆறிவிடுகிறது. ரத்தமே போகாத குருத்தெலும்பு மட்டும் தேய்ந்தால் எளிதில் வளர்வதில்லை.