சேறு தின்னு பார்த்த தட்டைவாயன்

எல்லாரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி உக்காருங்க, இந்தக் கதையில நிறையப் பேரு வானத்துலேருந்து இறங்கப் போறாங்க, இடம் வேணும்.

ரொம்ப வடக்க, பனிமலைக்கும் அந்தாண்ட, ஒரு கிளுவைக் கூட்டம் இருந்துச்சாம். கிளுவைன்னா சின்ன ஜாதி வாத்து. குளிர் வந்தா அங்க குளமெல்லாம் கல்லா உறைஞ்சு போயிடும். அப்ப அதுங்க கிளம்பி, மலை தாண்டி, ஆறு தாண்டி, காடு தாண்டி, நம்ம பக்கத்து ராஜா ஒருத்தரோட ஏரிக்கு வரும். சேத்துல புழு பூச்சி தின்னு உடம்பைத் தேத்திக்கும், வெயில் ஏறினதும் திரும்பிப் போயிடும்.

கூட்டத்துக்குத் தலைவி பெரியநாச்சி. அவ மக பொடிச்சிக்கு அதுதான் முதல் பயணம். வழியில ஒரு ராசாளி பாய்ஞ்சதுல பொடிச்சியோட ஒரு பக்க இறகு பாதி போயிடுச்சு. காத்துல மிதந்து வர முடியுது, ஆனா ஒரு தடவை தரையில கால் வச்சுட்டா மறுபடி எழும்பத் தெம்பு கிடையாது. இறங்குற இடம் நல்லதா இருந்தா பொழைச்சா. இல்லேன்னா இல்ல. பெரியநாச்சிக்கு வழியெல்லாம் அந்த ஒரே கவலை.

அந்தக் கூட்டத்துல தட்டைவாயன்னு ஒருத்தன், கரண்டி மாதிரி மூக்கு. அவனுக்கு ஒரே ஒரு வேலை. எங்க இறங்கணும்னாலும் அவன்தான் முதல்ல இறங்கி, ஒரு வாய் சேத்தை அள்ளித் தின்னு பார்த்து, சரின்னு சொல்லணும். அதுவரைக்கும் மத்தவங்க மேலயே சுத்துவாங்க. வாய் நிறையச் சேத்தோடதான் பேசுவான், பாதி யாருக்கும் புரியாது, குஞ்சுங்க எல்லாம் அவன் மாதிரியே பேசிக் காட்டிச் சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அந்த வருஷம் வந்து பார்த்தா, ஏரியைக் காணோம்.

ராஜாவுக்கு ஊரு பளபளன்னு இருக்கணும்னு ஆசை வந்து, ஏரியைத் தூர்த்துட்டாரு. மேல கட்டடம், கட்டடத்துக்கு மேல கண்ணாடி. பெரியநாச்சி ஒரு சுத்து சுத்தினா, ரெண்டு சுத்து சுத்தினா, மூணாவது சுத்துல அவளுக்கே தலை சுத்துச்சு.

அப்பத்தான் கரிமுத்துன்னு ஒரு காக்கா வந்து சேர்ந்துச்சு. ஊருக்குள்ள இடம் காட்டுற புரோக்கர். என்ன தாயீ, வெளியூரா, நம்ம கையில மூணு இடம் இருக்கு, மூணும் ராசியான இடம், பார்த்துட்டுப் பிடிச்சா இறங்குங்க, பிடிக்கலேன்னா காக்காவைக் கல்லால அடிங்கன்னு, மூச்சு விடாம பேசுச்சாம்.

முதல்ல கோயில் தெப்பக்குளம். இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி தாயீ, பக்தருங்க பொரி போடுவாங்க, உக்காந்த இடத்துல சாப்பாடுன்னுச்சு. தட்டைவாயன் இறங்கி முங்கிட்டு வந்தான். "அடியெல்லாம் கல்லு"ன்னான்.

ரெண்டாவது பூங்காவுல ஒரு குட்டை. நடுவுல ராஜா சிமெண்டுல வாத்து செஞ்சு வச்சிருந்தாரு. பாருங்க தாயீ, உங்க சொந்தக்காரங்க முன்னாடியே குடி வந்துட்டாங்கன்னுச்சு கரிமுத்து. மத்த வாத்து இருக்கிற இடத்துல நம்பி இறங்குறதுதான கிளுவைங்க புத்தி, பெரியநாச்சியே பாதி உயரம் இறங்கிட்டா. தட்டைவாயன் முந்திக்கிட்டுப் போய், மாமா சௌக்கியமான்னு ஒரு வாத்தைக் கேட்டான். மாமா பேசல. அடியில முங்கிட்டு வந்து, "இதுவும் கல்லுதான், மாமாவும் கல்லுதான்"னான்.

கரிமுத்துவுக்குக் கோபம் வந்துடுச்சு. டவுன்ல எவனாவது மண்ணைத் தின்னு இடம் பார்ப்பானா, பட்டிக்காட்டுக் கூட்டத்தைக் கூட்டிட்டு அலையுறேனேன்னு ஏளனமாப் பேசுச்சு. கிளுவைங்களுக்கு வெக்கமாப் போச்சு. பெரியநாச்சி தட்டைவாயனைக் கூப்பிட்டு, மானத்தை வாங்காத, அடுத்த இடத்துல நீ வாயை மூடிக்கிட்டு சும்மா வான்னு சொல்லிட்டா.

அங்கதான் தப்பு நடந்துச்சு.

மூணாவது இடம் உச்சி வெயில்ல கறுப்பா, அகலமா, மினுமினுன்னு மின்னுச்சு. வானம் அதுல தெரியுது, மேகம் அதுல தெரியுது. எல்லாரும் ஏரி ஏரின்னு அழுதே விட்டாங்க. ஏரி இல்ல. ராஜா ரதங்களை நிறுத்துறதுக்கு அன்னைக்குக் காலையிலதான் தார் ஊத்தின மைதானம். முந்தின நாள் பக்கத்துல ஊத்தினப்ப தட்டான் பூச்சியெல்லாம் தண்ணின்னு நம்பி வந்து ஒட்டிக்கிட்டதைக் கரிமுத்து பார்த்திருந்துச்சு. பூச்சி ஒட்டினா வாத்தும் ஒட்டும்னு கணக்கு. கரிமுத்துவோட சொந்தபந்தமெல்லாம் ஓரத்துப் புங்க மரத்துல வரிசையா, பந்திக்கு உக்காந்த மாதிரி உக்காந்திருந்துச்சு.

பொடிச்சி காலைத் தொங்கப் போட்டுட்டா. இன்னும் ஒரு பனை உயரந்தான்.

தட்டைவாயன் குறுக்க வந்தான். "அண்ணாச்சி, நான் பட்டிக்காடு, எனக்கு டவுன் சேறு ருசி தெரியாது. ஆனா யாராவது ஒரு வாய் தின்னு பார்க்காம எங்க ஜனம் இறங்காது. நீங்க டவுன்காரரு. எனக்குப் பதிலா நீங்களே தின்னு சொல்லிடுங்களேன்."

இப்ப நான் சாப்பிட்டேன், வயிறு நிறைஞ்சிருக்குன்னுச்சு கரிமுத்து. ஒரே வாய் அண்ணாச்சின்னான். இன்னைக்கு விரதம்னுச்சு. சேறு சைவந்தான் அண்ணாச்சின்னான். பெரியநாச்சி காக்காவையே பார்த்தா. எல்லாக் கிளுவையும் காக்காவையே பார்த்துச்சு. மரத்துல சொந்தபந்தம் சீக்கிரம் ஆகட்டும்னு கத்துது. சரி, ஓரத்துல காஞ்சிருக்கும், ஒரு கொத்து கொத்திட்டு எழுந்துடலாம்னு கரிமுத்து ஓரக் கல்லுல உக்காந்து கொத்துச்சு.

வெயில்ல ஓரமும் இளகித்தான் இருந்துச்சு. மூக்கு உள்ள போச்சு, வெளிய வரல.

பொடிச்சியை அவ அம்மா முதுகால முட்டி மேல தள்ளினா. புங்க மரம் ஒரே நிமிஷத்துல காலியாயிடுச்சு. சொந்தபந்தம் அவ்வளவுதான்.

தட்டைவாயன் அதே கல்லுல வந்து உக்காந்து, நிதானமா, இந்த ஊர்ல நிஜமாவே சேறு எங்க இருக்குன்னு கேட்டான். வாய் ஒட்டிக்கிட்டதால கரிமுத்துவால பேச முடியல, இறக்கையால மேக்க காட்டுச்சு. "நல்லது அண்ணாச்சி. நாங்க போய்த் தின்னு பார்க்கிறோம். சேறு இருந்தா திரும்பி வந்து உங்களை நெம்பி விடுறேன். இல்லேன்னா வர மாட்டேன்"னான். உடனே கரிமுத்து இறக்கையை மடக்கி, தெக்க காட்டுச்சு.

தெக்க, குப்பைமேட்டுக்குப் பின்னாடி, பழைய ஏரியோட வால் ஒரு துண்டு மிச்சம் இருந்துச்சு. நாத்தம் அடிக்குதுன்னு அந்த இடத்தை யாரும் கேக்கல, அதனால தூர்க்காம விட்டுட்டாங்க. கோரை கொஞ்சம், சாக்கடைத் தண்ணி கொஞ்சம். தட்டைவாயன் முங்கி ரொம்ப நேரம் வரவே இல்ல. வந்தப்ப வாய் நிறையச் சேறு, ஓரத்துல ஒரு நத்தை நெளியுது. என்னமோ சொன்னான், யாருக்கும் புரியல. எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு. பொடிச்சி கோரை நடுவுல காலை வச்சா.

அவன் சொன்ன சொல் தவறாம போய், ஒரு குச்சியை வச்சுக் காக்காவை நெம்பி விட்டான். கரிமுத்து அன்னைக்கு மூக்கைத் துடைக்க ஆரம்பிச்சதுதான், இன்னிக்கும் பாருங்க, எந்தக் காக்காவும் கிளையில இந்தப் பக்கம் ஒரு தேய், அந்தப் பக்கம் ஒரு தேய் தேய்க்காம விடாது.

ராஜாவா? அவரு மாடத்துல நின்னு, ஏன் பறவையே வர மாட்டேங்குதுன்னு கேட்டாராம். மந்திரி இன்னும் பத்து வாத்து சிமெண்டுல செய்யச் சொன்னாராம்.

பெரியநாச்சி சாயங்காலம் தட்டைவாயன் பக்கத்துல வந்து நின்னா. மன்னிப்பெல்லாம் கேக்கத் தெரியாது அவளுக்கு. "இது பிடிச்ச இடம் இல்லடா. பொழைக்கிற இடம். அடுத்த வருஷம் இதுவும் இருக்குமா?"ன்னா.

அவன் வாயில இருந்த சேத்தை முழுங்கிட்டுத் தெளிவாச் சொன்னான்.

"தெரியல ஆத்தா. வந்து தின்னு பார்ப்போம்."

கிளுவை தண்ணியில, காக்கா கிளையில, கதை உங்க காதுல. போங்க.