ஆலோசகரின் கோட்டு

மதுரையில் சொக்கலிங்கத்தின் அப்பளக் கம்பெனி சின்னதுதான், ஆசைதான் பெரிசு. ஆட்களுக்குத் தகவல் சொல்லவும் வேலை வாங்கவும் எந்தச் செயலி நல்லது என்று கேட்க, கோட்டுப் போட்ட ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார். அவர் திரையில் செயலிகளை வரிசையாகக் காட்டியபோது, மாடியில் அப்பளம் காயவைக்கும் செல்லக்கனி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"சிரிச்சவளே சாயங்காலத்துக்குள்ள நல்லதாப் பொறுக்கிச் சொல்லு. தப்பாச் சொன்னா நாளைக்கு வராதே" என்றார் முதலாளி.

கனி ஆலோசகரைக் கேட்டாள். "மழை வந்தா ஆளுகளை மாடிக்கு எது சார் கூப்பிடும்?"

"எல்லாமே கூப்பிடும். நீ பதிவு பண்ணணும், நான் ஒப்புதல் தரணும், அவ்வளவுதான்."

"ரொம்ப நல்லது. கோட்டு வேர்வையில நனைஞ்சிருக்கே, குடுங்க, அப்பளத்தோட காயப்போடுறேன்."

மதியம் மேகம் கறுத்தது. கனி கீழேயே உட்கார்ந்து செல்போனைத் தட்டினாள். "சார், மழை வருது. பதிவு பண்ணிட்டேன். உங்க ஒப்புதலுக்காக நிக்குது."

ஆலோசகர் திரையை அழுத்தினார். அது பாஸ்வேர்டு கேட்டது. போட்டார். 'இது பழசு, மாற்று' என்றது. ஜன்னலில் தூறல் விழுந்தது.

"ஐயய்யோ, மழை! என் கோட்டு! எல்லாரும் மாடிக்கு ஓடுங்க!"

கம்பெனியே ஓடியது. அப்பளம் ஒன்றுகூட நனையவில்லை. கோட்டைத்தான் யாரும் எடுக்கவில்லை.

"நல்ல செயலி கெடைச்சிருச்சு மொதலாளி" என்றாள் கனி. அந்த அலறலைச் செல்போனில் பதிந்து, எல்லாரும் ஏற்கெனவே இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள்.

முதலாளி ஈரக் கோட்டைப் பார்த்தார். "நாளைக்கும் வந்துரு, கனி."

இன்றைக்கும் மேகம் கூடினால் அந்த அலறல்தான். ஒருமுறை மேகமே பயந்து திருமங்கலம் பக்கம் திரும்பிப் போனதை நானே பார்த்தேன். நம்பாதவர்கள் திருமங்கலத்தில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.